மரியாடிபி-லிப்ஸைக் கழற்றும்போது

சென்ட்ஓஎஸ் 7 ஓடும் சர்வர். வெளி இணைப்பு கிடையாது. அதில் மைஎஸ்க்யூஎல் 5.7 ஏற்ற வேண்டும் என்றால், ஆர்பிஎம் கோப்புகளை ஒரே மூட்டையாக வேறொரு கணினியில் இறக்கி, உள்ளே கொண்டுபோக வேண்டும். முதல் கட்டளைக்கே மறுப்பு வரும்: புதிய லைப்ரரி வந்தால் மரியாடிபி-லிப்ஸ் வழக்கொழிந்துவிடும். சரி, அதைக் கழற்றிவிடலாம் என்று போனால் இரண்டாவது மறுப்பு: போஸ்ட்ஃபிக்ஸுக்கு அது வேண்டும்.

போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் அனுப்புகிற மென்பொருள். டேட்டாபேஸை மாற்ற வந்த இடத்தில் அது ஏன் குறுக்கே நிற்கிறது? எரிச்சல் வரும் இடம் இது. கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடமும் இதுதான்.

*

மரியாடிபி அங்கே வந்த கதை சுருக்கமானது. மைஎஸ்க்யூஎல் நிறுவனத்தை 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. சன்னை ஆரக்கிள் வாங்கும் வேலை 2010 ஜனவரியில் முடிந்தது. அதற்குள், 2009-இலேயே, மைஎஸ்க்யூஎல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான மான்டி வைடேனியஸ் அதே நிரலிலிருந்து தனிக் கிளை பிரித்துவிட்டார். மூத்த மகள் மை, இளையவள் மரியா. இரண்டு டேட்டாபேஸ்களுக்கும் பிள்ளைகளின் பெயர். 2014 ஜூனில் வந்த ரெட் ஹேட் 7, மைஎஸ்க்யூஎல்லை விட்டுவிட்டு மரியாடிபி 5.5-ஐ எடுத்துக்கொண்டது. சென்ட்ஓஎஸ் 7 அதன் மறுபதிப்பு. அதனால் டேட்டாபேஸே நிறுவாத சர்வரிலும் மரியாடிபி-லிப்ஸ் இருக்கும். கேட்டு வந்ததல்ல, போஸ்ட்ஃபிக்ஸோடு கூட வந்தது.

*

போஸ்ட்ஃபிக்ஸுக்கு அது எதற்கு? ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது வீட்ஸ வெனிமா எழுதி 1998-இல் வெளியான மென்பொருள் அது. எந்த முகவரிக்கு வரும் மெயில் எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்ற பட்டியலை அது சாதாரணக் கோப்பிலிருந்தும் படிக்கும், டேட்டாபேஸ் டேபிளிலிருந்தும் படிக்கும். ஆயிரக்கணக்கான மெயில் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டாவது வழி பெரிய வசதி. பெரும்பாலான சர்வர்களிலோ போஸ்ட்ஃபிக்ஸ் செய்வது ஒரே வேலை: இரவில் ஓடும் கிரான் வேலைகளின் அறிக்கையை நிர்வாகிக்கு அனுப்புவது. டேட்டாபேஸ் டேபிள் பக்கமே அது போவதில்லை.

ஆனாலும் ரெட் ஹேட் 7-இல் அந்த வசதியைச் சேர்த்தே போஸ்ட்ஃபிக்ஸைக் கட்டியிருந்தார்கள். பயன்படுத்துகிறோமோ இல்லையோ, தொடங்கும்போதே லைப்ரரி கைக்குக் கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் எழுந்திருக்காது. டெபியனில் இந்த வசதி வெகுகாலமாகத் தனிப் பேக்கேஜ், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம். ரெட் ஹேட்டும் 8-ஆம் பதிப்பில் அப்படிப் பிரித்துவிட்டது. டெபியன் செய்ததே சரி என்பது என் கட்சி.

*

அந்த இரண்டாவது மறுப்பு வரியைக் கிட்டத்தில் பார்க்கலாம். அதில் மரியாடிபி என்ற பெயரே இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ் கேட்பது ஒரு பேக்கேஜை அல்ல, ஒரு கோப்பை: லிப்மைஎஸ்க்யூஎல்கிளையன்ட், எஸ்ஓ, 18. அது யாரிடமிருந்து வந்தாலும் அதற்குச் சம்மதம்.

யாரும் உட்கார்ந்து எழுதிய நிபந்தனையும் அல்ல. பேக்கேஜைக் கட்டும்போது ஆர்பிஎம் ஒவ்வொரு நிரல் கோப்பையும் திறந்து, எந்தெந்த லைப்ரரியோடு அது பிணைந்திருக்கிறது என்று தானே படித்துக் குறித்துக்கொள்கிறது. மனிதர் மறப்பார், மிகைப்படுத்துவார். இந்தக் குறிப்பில் இரண்டும் கிடையாது.

18 என்பது லைப்ரரியின் வெளித்தோற்ற எண். மைஎஸ்க்யூஎல் 5.5-க்கும் 5.6-க்கும் அது 18. 5.7-இல் 20, 8.0-இல் 21. பழைய நிரல்கள் அழைக்கும் விதம் இனி செல்லாது என்றால் எண் மாறும். 20-ஐக் கொண்டுவந்து வைத்துவிட்டு, புதியதுதானே, மேலானதுதானே என்று போஸ்ட்ஃபிக்ஸிடம் வாதாட முடியாது. அது 18-ஓடு பேசப் பழகியது.

*

இந்த இடத்தில் பெரும்பாலோர் சொல்லிக்கொடுப்பது ஒரு சொடுக்கு வைத்தியம்: ஆர்பிஎம் கட்டளையோடு 'நோடெப்ஸ்' சேர்த்து மரியாடிபி-லிப்ஸைப் பிடுங்கிவிடு. பிடுங்கலாம். மைஎஸ்க்யூஎல் ஏறும், ஓடும், டேபிள்கள் தெரியும். வேலை முடிந்ததென்று எழுந்து போகலாம்.

அப்புறம் நடப்பது சத்தமில்லாமல் நடக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸின் தாய்ப் புராசஸ், நினைவகத்தில் முன்பே ஏற்றிக்கொண்ட லைப்ரரியோடு உயிரோடு இருக்கும். நிலை என்ன என்று கேட்டால் ஓடிக்கொண்டிருப்பதாகவே சொல்லும். ஆனால் அது புதிதாகக் கிளப்பும் பிள்ளைப் புராசஸ் எதுவும் எழுந்திருக்காது. மெயிலை வரிசையில் சேர்க்கும் சென்ட்மெயில் கட்டளையும் லைப்ரரி இல்லை என்று சொல்லி நின்றுவிடும். கிரான் ஓடும், அதன் அறிக்கை போய்ச் சேராது. அன்றைக்கு பேக்கப் தோற்றாலும் அந்தச் செய்தி வராது. மெயில் வராத காலையை நிர்வாகி எப்படி எடுத்துக்கொள்வார்? எல்லாம் நலம் என்றுதான்.

டேட்டாபேஸை மாற்றிய மறுநாள்தான் பேக்கப் மிக அவசியம். அந்த பேக்கப்பைப் பற்றிப் பேசக்கூடிய ஒரே வாய் அடைபட்டிருக்கிறது. 'நோடெப்ஸ்' மறுப்பைத்தான் அகற்றியது. மறுப்புக்கான காரணம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பேக்கேஜ்களை ஏற்றி இறக்கும் கருவியான யம் இதை மறப்பதும் இல்லை. அடுத்த முறை வேறு ஏதோ பேக்கேஜுக்காக அழைத்தாலும், தனக்குத் தெரியாமல் பேக்கேஜ் பட்டியல் மாற்றப்பட்டிருக்கிறது என்று ஒரு எச்சரிக்கை போடும். கீழே, போஸ்ட்ஃபிக்ஸுக்கு 18 கிடைக்கவில்லை என்ற பழைய பாட்டு. எத்தனையோ சர்வர்களில் அந்த வரி வருடக்கணக்காக மேலே ஓடிப்போய்க்கொண்டே இருக்கிறது.

*

நேர்வழி அந்த மூட்டைக்குள்ளேயே இருந்தது. 'லிப்ஸ்-காம்பாட்' என்று முடியும் ஒரு ஆர்பிஎம் கோப்பு. அது செய்வது ஒன்றே ஒன்று: 5.7-க்குப் பக்கத்தில் பழைய 18-ஐயும் வைப்பது. காமன், லிப்ஸ், லிப்ஸ்-காம்பாட், கிளையன்ட், சர்வர் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் யம்மிடம் கொடுத்தால் மரியாடிபி-லிப்ஸ் இறங்குவதும் இவை ஏறுவதும் ஒரே பரிவர்த்தனையில் முடிந்துவிடும். 18 இல்லாத கணம் போஸ்ட்ஃபிக்ஸின் கணக்கில் வராது. ஒவ்வொன்றாக ஏற்றினால்தான் சண்டை.

சர்வர் பேக்கேஜ் லிப்ஏஐஓ வேண்டும், பேர்ல் வேண்டும், நெட்-டூல்ஸ் வேண்டும் என்று கேட்கும். நிறுவல் வட்டிலேயே இருப்பவை, கொடுத்தால் போதும்.

தரவு வேறு விஷயம். பேக்கேஜை நீக்கினால் வார்-லிப்-மைஎஸ்க்யூஎல் அடைவில் உள்ள தரவு நீங்குவதில்லை. அதுவே ஆபத்தும் கூட: மரியாடிபி 5.5 விட்டுப்போன கோப்புகள் மேல் 5.7 போய் உட்காரும். மரியாடிபி இருக்கும்போதே டம்ப் எடுத்து, பழைய அடைவை வேறு பெயரில் நகர்த்தி, புதிதாகத் தொடங்கிய 5.7-இல் அந்த டம்ப்பை ஏற்றுவதே முறை. இட்சி அடைவில் மை.சிஎன்எஃப் கோப்புக்குப் பக்கத்தில் ஆர்பிஎம்சேவ் என்றோ ஆர்பிஎம்நியூ என்றோ ஏதாவது முளைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். நீங்கள் கைவைத்த அமைப்புகள் அங்கே போய் ஒதுங்கியிருக்கலாம்.

*

எந்தப் பேக்கேஜோடு எது சேரும் என்று கண்டுபிடிப்பது பார்வைக்கு எழுத்தர் வேலை போலத் தெரியும். பொதுவான வடிவில் அது கணினியியலின் கடினமான கணக்குகளில் ஒன்று. அது என்பி-முழுமை வகையைச் சேர்ந்தது என்று ஐரோப்பாவின் எடோஸ் திட்ட ஆய்வாளர்கள் 2006-இல் நிறுவினார்கள். தர்க்க வாய்பாட்டைத் தீர்க்கும் முறையால் இதை அணுகும் கருவியை 2008-இல் ஓபன்சூசே 11.0 கொண்டுவந்தது. அதிலிருந்து வளர்ந்த லிப்சால்வ்தான் யம்மின் இடத்துக்கு வந்த டிஎன்எஃப்புக்கும் மூளை.

சென்ட்ஓஎஸ் 7-இன் யம் அதற்கு முந்திய தலைமுறை. டியூக் பல்கலைக்கழகத்தில் கணினிகளைப் பராமரித்த காலத்தில், யெல்லோ டாக் லினக்ஸின் கருவியொன்றை எடுத்து அடியோடு மாற்றி எழுதி சேத் விடால் உருவாக்கியது. 2013 ஜூலையில் டர்ஹாமில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது கார் மோதி அவர் இறந்தார். சென்ட்ஓஎஸ் 7 வந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

*

எதையாவது ஏற்றும்போது யம் கடைசியாகக் கேட்கும் கேள்வியில் மூன்று எழுத்துகள்: ஒய், டி, என். ஒய் என்றால் செய். டி என்றால் இறக்கி மட்டும் வை. என் என்றால் வேண்டாம். மூன்றில் என் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். ஒன்றும் சொல்லாமல் என்டர் தட்டினால் அதுவே பதில். தீர்மானமில்லாதவரின் விரல் எதையும் அழித்துவிடாது என்பது எழுதியவர்களின் ஏற்பாடு.

நீக்கும்போது வரும் கேள்வியில் டி இருக்காது. அதற்கு மேலே, கூடவே நீக்கப்படுபவை என்று ஒரு பட்டியல் இருக்கும். மரியாடிபி-லிப்ஸ் ஒன்றை மட்டும் நீக்கச் சொன்ன கட்டளைக்குக் கீழே போஸ்ட்ஃபிக்ஸ் பெயர் அங்கேதான் வருகிறது. ஸ்கிரிப்டில் மைனஸ் ஒய் போட்டுவிட்டால் அந்தப் பட்டியல் யார் கண்ணிலும் படாமல் போய்விடும். புதிய சர்வரைக் கட்டும் ஸ்கிரிப்டில் அது இருக்கட்டும். பல வருடமாக ஓடும் சர்வரில் எதையாவது நீக்கும்போது வேண்டாம்.

*

மைஎஸ்க்யூஎல் 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரிலும், சென்ட்ஓஎஸ் 7-க்கானது 2024 ஜூன் 30-ஆம் தேதியும் முடிந்துவிட்டன. மிரர் பட்டியல் தந்த முகவரி இப்போது பதில் சொல்வதில்லை. பேக்கேஜ்கள் வால்ட் என்ற காப்பகத்தில் இருக்கின்றன. இன்னும் இந்தச் சர்வரை விட முடியாத நிலையில் இருப்பவர்கள் தேவையான ஆர்பிஎம் கோப்புகளை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், லிப்ஸ்-காம்பாட் உட்பட. வேலை முடிந்ததும் 'யம் செக்' ஓட்டுங்கள். பிறகு உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி, அது வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.