பசுமை காணாத ஒன்பது ஆண்டுகள்

சத்தியவேட்டிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி நோக்கிச் செல்லும் அன்பர்களில் பெரும்பாலோர் ஆரணியாற்றங்கரையிலுள்ள சுருட்டப்பள்ளியில் சற்று நேரம் தங்கியே செல்வர். ஆலகால விஷத்தை அருந்திய சிவபெருமான், களைப்புற்றவர் போல் அம்பிகையின் மடியில் தலைசாய்த்துப் பள்ளிகொண்ட கோலத்தில் காட்சி தரும் திருத்தலம் அது. பிற சிவாலயங்களில் லிங்கத் திருமேனியை வணங்கிப் பழகிய கண்களுக்கு இந்தக் காட்சி வியப்பளிக்கும். உலகுக்காக உழைத்த ஒருவர் உறவின் மடியில் இளைப்பாறுகிறார். தேவர்களும் முனிவர்களும் சூழ நின்று அதைக் காண்கின்றனர். இத்தலத்தில் தட்சிணாமூர்த்தியும் தேவியுடனேயே அமர்ந்திருக்கிறார். இல்லறத்தின் இதத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் கோயில்கள் அதிகம் இல்லை.

பிரதோஷ நாளில் அங்கே வந்து இறங்கும் வேன்களை உற்று நோக்கினால் ஒன்று புலப்படும். கணவன், மனைவி, பிள்ளைகள், பிள்ளைகளின் நண்பர்கள் எல்லோரும் இருப்பர். தூக்குச் சட்டியில் புளியோதரை இருக்கும், தண்ணீர்க் கேன் இருக்கும். வீட்டின் மூத்தவர் மட்டும் பல வேன்களில் இருப்பதில்லை. அவர் வீட்டைக் காவல் காத்துக்கொண்டிருப்பார்.

இதைச் சிந்திக்கும்போது, நம் மரபுக்கு மிகத் தொலைவில், வேறொரு சமயத்தின் வரலாற்றில் நிகழ்ந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது.

பஹாய் சமயத்தைத் தோற்றுவித்தவர் பஹாவுல்லா. தில்லியில் 1986ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தாமரைக் கோயிலைக் கண்டவர்கள் அந்தப் பெயரைக் கேட்டிருப்பர். அவர் 1817ஆம் ஆண்டு பாரசீகத் தலைநகர் தெஹ்ரானில் பிறந்தார். தந்தை அரசவையில் செல்வாக்கு மிக்கவர். குடும்பத்தின் பூர்வீகம் காஸ்பியன் கடலை அடுத்த மாசந்தரான் பகுதி. காடும் மலையும் நீரோடையும் நிறைந்த பசுமையான நிலம் அது. பஹாவுல்லா இளமையிலிருந்தே திறந்த வெளியிலும் தோட்டங்களிலும் பெருவிருப்பம் உடையவராக இருந்தார். பதவி தேடி வந்தபோது அதை நாடாமல், ஏழைகளுக்கு உதவுவதிலேயே காலம் கழித்தார்.

1852இல் அவரைத் தெஹ்ரானில் பாதாளச் சிறையொன்றில் அடைத்தனர். கழுத்தில் கனத்த சங்கிலி. நான்கு மாதங்கள் வெளிச்சமே இல்லை. பின்னர் சொத்துக்கள் பறிக்கப்பட்டு, குடும்பத்தோடு நாடு கடத்தப்பட்டார். பாக்தாத், கான்ஸ்டாண்டிநோபிள், அட்ரியானோபிள் என்று ஊர் ஊராக அந்தக் குடும்பம் அலைந்தது. பாக்தாதை விட்டுப் புறப்படும் முன் 1863ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் டைகிரிஸ் நதிக்கரைத் தோட்டம் ஒன்றில் பன்னிரண்டு நாட்கள் தங்கினார். தம்மை இறைத்தூதர் என்று அவர் அறிவித்தது அங்கேதான். பஹாய்கள் இன்றும் ஆண்டுதோறும் அந்தப் பன்னிரண்டு நாட்களை ரித்வான் பெருவிழாவாகப் போற்றுகின்றனர். அவர்களுடைய மிகப் பெரிய திருநாள், ரோஜா மலர்ந்த ஒரு தோட்டத்தின் பெயரால் வழங்கப்படுகிறது.

1868ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், அறுபது எழுபது பேரோடு அவரை அக்கா என்னும் கோட்டை நகரத்தில் கொண்டுவந்து சிறை வைத்தனர். பெயர் தமிழ்ச் செவிக்கு உறவு முறை போல் ஒலிக்கிறது. ஆனால் அந்த ஊரில் உறவின் இதம் ஏதும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. துருக்கிப் பேரரசு கொடிய குற்றவாளிகளை அனுப்பிவந்த இடம் அது. நல்ல குடிநீர் இல்லை, காற்றும் கெட்டது. அந்த ஊரின் மேல் பறக்கும் பறவை செத்து விழும் என்று அக்காலத்தில் பழமொழியே வழங்கியது. இரண்டாண்டுகளுக்கு மேல் படைவீரர் கொட்டடியில் வாழ்க்கை. அங்கேதான் 1870இல் அவருடைய இளைய மகன் மிர்சா மிஹ்தி, அந்தி வேளையில் கூரை மேல் உலவியபடி பிரார்த்தனையில் ஆழ்ந்திருந்தபோது, கூரைத் திறப்பின் வழியே கீழே விழுந்து உயிர் நீத்தார். வயது இருபத்திரண்டு. கொட்டடியை விட்டு வெளியே வந்த பிறகும் மதில்களுக்கு உள்ளேயுள்ள குறுகிய வீடுகளே கதி. அறைக்குள் நடப்பதுதான் பஹாவுல்லாவின் உலாவலாக இருந்தது.

ஒன்பது ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. ஒருநாள் பேச்சுவாக்கில், பசுமையைப் பார்த்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன என்றும், நாட்டுப்புறம் ஆன்மாவின் உலகம், நகரம் உடலின் உலகம் என்றும் அவர் சொன்னதாக அவருடைய மூத்த மகன் அப்துல் பஹா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அது வேண்டுகோள் அன்று, கட்டளையும் அன்று. மனத்தில் இருந்தது வாய்வழியே வந்தது, அவ்வளவே. பெரியவர்கள் தம் ஏக்கத்தை இவ்வாறுதான் வெளியிடுவர். கேட்பவர் செவி திறந்திருந்தால் விழும். இல்லையெனில் காற்றோடு போகும்.

மகனின் செவியில் அது விழுந்தது. அவர் உடனே தந்தையிடம் ஓடி, "வாருங்கள், வெளியே போகலாம்" என்று அழைத்துவிடவில்லை. நகருக்கு வடக்கே சில மைல் தொலைவில் மஸ்ரே என்னுமிடத்தில் ஒரு பாஷாவுக்குச் சொந்தமான மாளிகை இருந்தது. சுற்றிலும் தோட்டங்கள், ஓடும் நீர். அப்துல் பஹா அவரைச் சந்தித்துப் பேசி, மிகக் குறைந்த வாடகைக்கு அதைப் பெற்றார். ஐந்து ஆண்டுகளுக்கான பணத்தை முன்னதாகவே செலுத்தினார். ஆட்களை அனுப்பி வீட்டைப் பழுது பார்க்கச் செய்தார், தோட்டத்தைச் சீர்படுத்தினார், குளியலறை கட்டுவித்தார். தந்தை ஏறிச் செல்ல ஒரு குதிரை வண்டியும் ஆயத்தமாயிற்று.

அதன் பிறகு ஒருநாள் தாமே நகர வாயிலைக் கடந்து வெளியே நடந்து பார்த்தார். சுல்தானின் கட்டளை அப்போதும் நடைமுறையில்தான் இருந்தது. ஆனால் காவலர் தடுக்கவில்லை. மறுநாள் சில நண்பர்களோடும் அதிகாரிகளோடும் சென்றார், அப்போதும் தடையில்லை. இன்னொரு நாள் பாஹ்ஜி என்னுமிடத்தில் பைன் மரங்களின் நிழலில் ஊர்ப் பெரியவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் விருந்தளித்தார். ஒவ்வொரு தடையாக அவரே முதலில் தாண்டிப் பார்த்து, வழி திறந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பின்னர்தான் தந்தையின் முன் போய் நின்றார்.

பஹாவுல்லா மறுத்தார். "நான் கைதி" என்றார். மகன் மீண்டும் கேட்டார், அதே பதில். மூன்றாம் முறையும் அதே பதில். அதற்கு மேல் வற்புறுத்த மகனுக்குத் துணிவு வரவில்லை. ஆனால் முயற்சியையும் அவர் கைவிடவில்லை. அக்கா நகரத்தின் முப்தி, இஸ்லாமிய சமயச் சட்ட அறிஞர், பஹாவுல்லாவிடம் பேரன்பு கொண்டவர். அப்துல் பஹா அவரிடம் நிலைமையை எடுத்துரைத்தார். முப்தி அன்றிரவே சென்று பஹாவுல்லாவின் முன் மண்டியிட்டு, கைகளைப் பற்றிக்கொண்டு, ஏன் நகரை விட்டு வெளியே வரக்கூடாது என்று கெஞ்சினார். நான் கைதி என்ற அதே பதிலை, தம்மைக் கைதியாக்கும் வல்லமை யாருக்கு உண்டு, தாமே அல்லவா தம்மைச் சிறையில் வைத்திருக்கிறீர் என்ற பொருளில் அவர் மறுத்துரைத்தார். ஒரு மணி நேரம் விடவில்லை. கடைசியில் சம்மதம் கிடைத்தது. மறுநாள் மகனே தந்தையை வண்டியில் ஏற்றி மஸ்ரேவுக்கு அழைத்துச் சென்றார். ஆண்டு 1877.

இதில் கவனிக்கத்தக்க இன்னொன்று உண்டு. தந்தையைத் தோட்டத்தில் குடியமர்த்திய அப்துல் பஹா, தாம் மதிலுக்குள்ளேயே தங்கிவிட்டார். தாயும் தங்கை பஹிய்யா கானுமும் அவ்வாறே. அதிகாரிகளைச் சந்திப்பது, ஏழைகளைக் கவனிப்பது, வருவோரை வரவேற்பது என்று நகரத்துப் பாரம் முழுவதையும் அவர் தம் தோளில் ஏற்றுக்கொண்டதால்தான் தந்தைக்கு அந்த அமைதி கிடைத்தது. அவர்மீது விதிக்கப்பட்ட சிறைவாசம் முழுமையாக நீங்கியது 1908இல்தான்.

இனிச் சத்தியவேட்டுக்குத் திரும்பலாம். 1960இல் எல்லைகள் திருத்தியமைக்கப்பட்டபோது செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்துடன் இணைந்த ஊர் இது. வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் இயல்பாகப் புழங்கும். சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. அருகில் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் எழுந்த பிறகு பல குடும்பங்களின் நாள், ஷிப்டு மணியை ஒட்டியே நகர்கிறது. அத்தகைய குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். மகனுக்கு அரிதாகக் கிடைத்த ஒரு ஞாயிறு. பிள்ளைகள் உப்பலமடுகு அருவிக்குப் போகவேண்டும் என்கின்றனர். எழுபத்தெட்டு வயதான ஆயா, "நீங்கள் போய் வாருங்கள். வீட்டுக்கு ஒருவர் வேண்டாமா?" என்கிறார். மகனும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கின்றனர். ஒருவிதத்தில் அவர்களுக்கு நிம்மதி. வேனில் ஓர் இடம் மிச்சம்; அடிக்கடி வண்டியை நிறுத்த வேண்டியதில்லை.

இவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்ல முடியாது. ஆயாவுக்கு வேளாவேளைக்கு உணவும் மருந்தும் தவறுவதில்லை. ஆனால் அவர் பிறந்து வளர்ந்தது ஏரிக்கரையில். நாற்று நட்ட கைகள் அவருடையவை. முழங்கால் வலி வந்த நாள் முதல் அவர் பார்ப்பது எதிர்வீட்டுச் சுவரையும் தொலைக்காட்சியையும்தான். "இந்நேரம் ஏரியில் தண்ணீர் நிறைந்திருக்கும்" என்று மழைக்காலத்தில் அவர் சொல்வதை எத்தனை முறை கேட்டாயிற்று! அவர் ஏரியைப் பற்றிய செய்தி சொன்னதாகவே வீட்டார் எடுத்துக்கொண்டனர்.

மூத்தவர் 'வேண்டாம்' என்று சொல்வதில் பல பொருள்கள் உண்டு. பிறருக்குத் தொல்லையாகக் கூடாது என்ற தயக்கம் ஒன்று. வழியில் கழிப்பறை கிடைக்குமோ என்ற அச்சம் இன்னொன்று. இதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மூன்றாவது, உண்மையாகவே அழைக்கிறார்களா என்று அறியும் ஆவல். முதல் மறுப்பையே முடிவாகக் கொள்பவர், மறுப்பை எதிர்பார்த்தே அழைத்தவராகிறார். மாளிகை, குளியலறை, வண்டி என அனைத்தையும் ஆயத்தம் செய்துவிட்டு மூன்று முறை கேட்டு, நான்காம் முறைக்குத் தக்கவர் ஒருவரைத் தூதனுப்பிய மகனின் அழைப்பு வேறு வகையைச் சேர்ந்தது.

ஆயத்தம் என்பது பெரிய செலவும் அன்று. அருவிக்குப் பதிலாகப் படியேறத் தேவையில்லாத இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையை அவருக்கு ஒதுக்கலாம். காரம் குறைந்த தயிர்சாதம், மாத்திரைகள், உட்கார ஒரு மடக்கு நாற்காலி, வழியில் எந்த ஊரில் நிறுத்தலாம் என்ற விசாரணை, இவை போதும். இளையவர்கள் அருவியில் குளிக்கும் ஆசையை அடுத்த விடுமுறைக்குத் தள்ளிவைக்க நேரும். அதுதான் உண்மையான செலவு. உப்பலமடுகுவில் ஞாயிறு மாலை கிடக்கும் பிளாஸ்டிக் குப்பையைக் கண்டால், நம் உல்லாசப் பயணங்களில் சில தள்ளிப்போவதால் காட்டுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்றும் தோன்றும்!

பஹாய் இல்லங்களில் இதற்கென்றே சில நாட்கள் உண்டு. அவர்களுடைய ஆண்டு பத்தொன்பது மாதங்கள் கொண்டது. மாதத்துக்குப் பத்தொன்பது நாட்கள். கூட்டினால் 361. எஞ்சும் நான்கு அல்லது ஐந்து நாட்கள் எந்த மாதத்திலும் சேராதவை. பிப்ரவரி இறுதியில் வரும் இந்நாட்களை அய்யாமி ஹா என்பர். விருந்தோம்பல், பரிசளித்தல், ஏழைகளுக்கு உதவுதல், உற்றார் உறவினரோடு மகிழ்ந்திருத்தல், இவையே அந்நாட்களின் வழிபாடு. உடனே தொடர்ந்து வருவது பத்தொன்பது நாள் உபவாசம். சூரியன் உதித்தது முதல் மறையும் வரை அன்னமும் நீரும் இல்லை. அதன் முடிவில், பகலும் இரவும் சமமாகும் மார்ச் மாத நாளில், புத்தாண்டு. நோன்புக்கு முன் மகிழ்ச்சி என்ற வரிசை சிந்திக்கத்தக்கது. ஆடிப்பெருக்கில் சித்திரான்னங்களைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குச் செல்வதும், காணும் பொங்கலன்று பெரியவர்களைக் கண்டு வணங்குவதும் நம் முன்னோர் இதே நோக்கில் வகுத்தவையே. காணும் பொங்கலில் 'காண்பது' பெரியவர்களை என்பது மறைந்து, கடற்கரையை என்று ஆகிவிட்டது.

அந்தக் குடும்பத்தில், ஆயாவிடம் தூது சென்றவள் பத்து வயதுப் பேத்தி. "ஆயா, நீ வந்தால்தான் நானும் போவேன்" என்று கட்டிலின் அருகில் அமர்ந்துவிட்டாள். "என் கால் வலியோடு நான் எங்கே வருவேன் கண்ணு?" என்றார் ஆயா. "வண்டி வாசலுக்கே வரும். அப்பா நாற்காலிகூட எடுத்து வைத்துவிட்டார்." ஆயா எட்டிப் பார்த்தார். திண்ணையில் நாற்காலி இருந்தது. பெட்டியைத் திறந்து நல்ல புடவையை எடுக்கச் சொன்னார்.

சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்டீஸ்வரரின் முன் அவர் நெடுநேரம் நின்றார். மருமகள் தோள் கொடுத்தாள். பின்னர் ஆரணியாற்றங்கரையில் மர நிழலில் நாற்காலியைப் போட்டு அமர வைத்தனர். ஆற்றில் நீர் குறைவாகத்தான் இருந்தது. எதிர்க்கரை வயலில் நாற்று பிடித்து நின்ற பச்சையை அவர் கண்ணை எடுக்காமல் பார்த்தார். இது என்ன நெல், எத்தனை நாள் பயிர், எப்போது களை எடுக்க வேண்டும் என்று பேரனுக்குச் சொல்லத் தொடங்கினார். கைப்பேசியை மடியில் வைத்துவிட்டு அவனும் கேட்டுக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில், மார்ச் மாதத்தில் நாகலாபுரம் வேதநாராயணர் கோயிலில் மூன்று நாட்கள் மாலைச் சூரியனின் கதிர் கருவறை வரை சென்று, முதல் நாள் பெருமாளின் திருவடியிலும், மறுநாள் நாபியிலும், மூன்றாம் நாள் திருமுகத்திலும் படும் என்ற பேச்சு வந்தது. சிறுமியாக இருந்தபோது தம் தகப்பனாரின் தோளில் அமர்ந்து அதைப் பார்த்ததாக ஆயா சொன்னார். மகன் கண்ணாடி வழியாகத் தாயைப் பார்த்தான். பிறகு மனைவியிடம், மார்ச்சில் எந்த வாரம் தனக்குக் காலை ஷிப்டு என்று கணக்குப் பார்க்கச் சொன்னான்.