வராத நோயைத் தேடலாமா?

வாலாஜாபேட்டையைச் சேர்ந்த ஒரு தகப்பனார் ஜும்ஆ முடிந்ததும் நம்மை ஓரமாக அழைத்துக் கேட்டார்: "ஹழ்ரத், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் சில கேள்விகள் கேட்டு, பிற்காலத்தில் புத்தி பேதலிக்கக் கூடியவர்களை முன்கூட்டியே கண்டுபிடித்து விடலாமாம். என் மகனையும் அதில் உட்கார வைக்கட்டுமா? வீட்டில் இரண்டு குமர்கள் இருக்கிறார்கள்."

கடைசி வார்த்தையில்தான் அவருடைய கவலை முழுவதும் இருந்தது.

புத்தி தெளியும்வரை பைத்தியக்காரர் மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பது நபிமொழி. நோய்க்கு மருந்து தேடும்படியும் பெருமானார் (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். நாமோ ஜின் சேட்டை என்று சொல்லி ஊர் ஊராக அலைகிறோம். ஓதிப் பார்ப்பதை நாம் குறை கூறவில்லை. அதோடு நின்றுகொண்டு வருஷங்களைக் கடத்துவதைத்தான் கூறுகிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டார்கள். காலத்தோடு வைத்தியம் கிடைத்திருந்தால் அத்தனை பேருக்கும் சங்கிலி தேவைப்பட்டிருக்குமா?

ஆனால் முன்கூட்டியே சலித்தெடுப்பது வேறு விஷயம். இந்நோய் பெரும்பாலும் 15 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் தலைகாட்டுகிறது. அதற்கு முன் தூக்கம் கெடும், பிள்ளை ஒதுங்குவான், காரணமின்றிச் சந்தேகப்படுவான். இவற்றைக் கவனிக்க ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1990களிலேயே தனி மருத்துவ நிலையம் ஏற்பட்டது. எனினும், ஆபத்து இருப்பதாகக் குறிக்கப்பட்டவர்களிலும் பெரும்பாலோருக்கு மூன்றாண்டு கழிந்தும் நோய் வரவில்லை. அவர்களும்கூட ஏதோ தொந்தரவு என்று தாமே உதவி நாடி வந்தவர்கள். ஒரு தொந்தரவும் இல்லாத பள்ளி முழுவதையும் சலித்தால், வீணாகப் பெயர் கெடுபவர்களே அதிகம் இருப்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலிலும் இந்நிலையை மேலும் ஆராய வேண்டியது என்றே வைத்தார்கள்.

வீண் சந்தேகத்தையும் துருவித் துருவி ஆராய்வதையும் சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் விலக்குகிறது. குறையில்லாத பிள்ளையிடம் குறை தேடுவது அதன் பக்கம்தான் சாய்கிறது என்பது நம் கருத்து. கண்ணெதிரே மாறி வரும் பிள்ளையைப் பார்த்தும் பாராமல் இருப்பதோ நல்லெண்ணமாகாது. அது அமானிதத்தில் செய்யும் மோசடி. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957 முதல் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிப் பராமரிக்கும் வழக்கம் அங்கு உண்டு. சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் இருக்கிறது. நேரில் போகத் தயங்குவோர் 14416 என்ற அரசு எண்ணில் பேசலாம். மருத்துவரிடம் சொன்னது வெளியே போகாமல் காக்க 2017ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமை தருகிறது. தம்பிக்கு வரலாம் என்ற யூகத்தை அக்காளின் சம்பந்தத்தில் எடுத்துரைக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "மகன் ராத்திரி தூங்குகிறானா?" என்று கேட்டோம்.

சற்று நேரம் அவர் பேசவில்லை. "மூன்று மாதமாக மொட்டை மாடியில் நடந்துகொண்டே இருக்கிறான், ஹழ்ரத். யாரோ பேசுகிறார்கள் என்கிறான்" என்றார்.

அப்படியானால் அந்தக் கேள்வித்தாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். திங்கட்கிழமையே பாகாயத்திற்கு அழைத்துப் போங்கள், தாயாரும் உடன் வரட்டும் என்றோம்.