பயணத்தை வகுப்பவர் யார்?

ஆண்டுத் தேர்வுகள் நெருங்கும் நாள்களில் பெரியகுளத்து இல்லங்கள் பலவற்றில் ஒரு பேச்சு எழுகிறது: இந்த விடுமுறைக்கு எங்கே போகலாம்? கொடைக்கானல் மலை கண்ணெதிரே நிற்கிறது; கும்பக்கரை அருவியோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் பதின்மூன்று, பதினாறு வயதை எட்டிய பிள்ளைகள் மலையையும் அருவியையும் கேட்பதில்லை, சென்னையைக் கேட்கிறார்கள். ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தொலைவு இன்று பெரிய தடையும் அன்று. போடிநாயக்கனூரிலிருந்து தேனி வழியாகச் சென்னைக்குச் செல்லும் இரயில் 2023 சூன் 15-ஆம் நாள் தொடங்கிவிட்டது. எனவே எங்கே போவது என்பதைவிட, அந்தப் பயணத்தை வகுக்கும் உரிமை யாருடையது என்பதே இன்று கடினமான கேள்வி. வெளிப்பார்வைக்கு இது வீட்டுக் காரியம். உண்மையில் இது அறநெறி சார்ந்த கேள்வி.

இதற்கு இருவகை விடைகள் நம்மிடையே உலவுகின்றன. பணம் பெற்றோருடையது, பொறுப்பும் அவர்களுடையது. ஆகவே முடிவும் அவர்களுடையதே என்பது முதல் விடை. விடுமுறை பிள்ளைகளுடையது; அவர்கள் விரும்பியதைச் செய்து கொடுப்பதே அன்பு என்பது இரண்டாவது விடை. முதல் விடையில் பிள்ளை, பெட்டியைப்போல் தூக்கிச் செல்லப்படுகிறான். இரண்டாவதில் பெற்றோர் வெறும் பணப்பையாகிவிடுகின்றனர். ஒருவரையொருவர் உண்மையாய்ச் சந்திப்பது இரண்டிலும் இல்லை.

கிறிஸ்தவக் கல்வி குறித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர்கள் எனக் கற்பிக்கிறது. அதே அறிக்கை, இளையோர் பொறுப்புணர்வில் வளரவும் சுதந்திரத்தைச் சரியாகப் பயன்படுத்தவும் பழக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் வாசிக்க வேண்டும். பெற்றோரின் அதிகாரம், பிள்ளை தன்னைத் தானே ஆளக் கற்றுக்கொள்ளும் பொருட்டுத் தரப்பட்டது. சுதந்திரமோ சொல்லிக் கொடுத்து வருவதன்று. வராக நதிக்கரையில் நின்றுகொண்டே நீச்சல் பழகியவர் எவருமிலர்.

நகர்ப் பயணமும் வளரிளம் பிள்ளையும் என்றதும் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் நம் நினைவுக்கு வரவேண்டும். பன்னிரண்டு வயது இயேசு, பாஸ்கா விழாவுக்காகப் பெற்றோருடன் நாசரேத்து என்னும் சிற்றூரிலிருந்து எருசலேம் நகருக்குச் சென்றார். காணாமற்போன நிகழ்ச்சியையே நாம் பெரிதும் தியானிக்கிறோம். அதற்கு முன்னர் நிகழ்ந்ததைக் கவனிப்பதில்லை. திரும்பும் வழியில் ஒரு நாள் முழுவதும் மரியாவும் சூசையப்பரும் மகனைத் தேடவில்லை. உறவினர், அறிமுகமானவர் கூட்டத்தில் அவர் வருவார் என்றே எண்ணினர். இதை அலட்சியம் என எவரும் சொல்லத் துணியமாட்டோம். பன்னிரண்டு வயது மகனுக்குத் தம் கண்பார்வைக்கு அப்பால் நடக்க அவர்கள் இடம் கொடுத்திருந்தனர். அந்த நம்பிக்கைக்கு விலையும் இருந்தது. மூன்றாம் நாளில் அவரைக் கோவிலில், போதகர் நடுவில், கேட்பவராகவும் வினவுபவராகவும் கண்டனர். தாய் தம் வேதனையை மறைக்காமல் சொன்னார். மகனின் மறுமொழி பெற்றோருக்கு விளங்கவில்லை. ஆயினும் மகன் அவர்களுடன் சென்று பணிந்து வாழ்ந்தார். தாய் யாவற்றையும் உள்ளத்தில் இருத்திக்கொண்டார். திருக்குடும்பத்திலேயே பெற்றோருக்கு விளங்காத ஒரு மகன் இருந்தார் என்பது நமக்கு எத்துணை ஆறுதல்!

அப்படியானால் எதைப் பெற்றோர் தம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்? எதைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்க வேண்டும்? எல்லைகளை வகுப்பது பெற்றோரின் கடமை: எவ்வளவு செலவிடலாம், எத்தனை நாள் தங்கலாம், இரவு எத்தனை மணிக்குள் தங்குமிடம் திரும்ப வேண்டும், ஞாயிறு திருப்பலியை எங்கே நிறைவேற்றுவது. இவை பேரம் பேசுவதற்குரியவை அல்ல. ஆனால் அந்த எல்லைக்குள் ஒரு முழு நாளையாவது பிள்ளைகளிடம் விட்டுவிட வேண்டும். அந்த நாளை அவர்கள் தவறாகவும் வகுக்கலாம். 1851-இல் நிறுவப்பட்ட எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை அழைத்துச் சென்றால் மூடிய கதவையே காண்பார்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. முன்கூட்டி விசாரிக்காத பிள்ளை மூடிய கதவின்முன் நிற்கும் அந்தக் கால் மணி நேரம், பத்து அறிவுரைகளுக்கு ஈடானது. அப்பொழுது, 'நான் அன்றே சொன்னேனே' என்னாதிருப்பது பெற்றோரின் தவம்.

பணத்தைப் பற்றியும் ஒளிவு மறைவின்றிப் பேசவேண்டும். நம் ஊரில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. பள்ளி விடுமுறைக் காலமே மாங்காய் பறிக்கும் காலமும் ஆகும். தோப்பை நம்பி வாழும் குடும்பத் தலைவர், தோப்பில் கூலி வேலை செய்பவர், மண்டிக்காரர், சுமை தூக்குபவர் ஆகிய எவரும் அந்த வாரங்களில் எளிதாக ஊரைவிட்டுப் புறப்பட இயலாது. 'அப்பாவுக்கு நேரமில்லை' என்று மட்டும் சொன்னால் பிள்ளை மனக்கசப்பு அடைகிறது. இந்த ஆண்டு விளைச்சல் எப்படி, கடன் எவ்வளவு, பயணத்துக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று மேசைமீது கணக்கை விரித்து வைத்தால், பதினைந்து வயதுப் பிள்ளை தானே நான்கு நாளை இரண்டு நாளாகக் குறைக்கக் கூடும். உண்மையை அறியத் தகுதியுள்ளவனாக மதிக்கப்படுபவனே பொறுப்புள்ளவனாக வளர்கிறான். 2024 நவம்பர் முதல் இரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்னரே தொடங்குகிறது. ஆகவே இந்த உரையாடல் தவக்காலத்திலேயே நடைபெற வேண்டியதாகிறது. எது தேவை, எது ஆசை என்று பகுத்துப் பார்க்க அதைவிடப் பொருத்தமான காலம் ஏது?

நம் குடும்பங்கள் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வேறொரு கேள்வியும் உண்டு. மகனுக்குத் தரும் அந்த ஒரு நாளை மகளுக்கும் தருகிறோமா? பதினான்கு வயதுத் தம்பி மெரினாவில் தனியே உலவலாம். பதினேழு வயது அக்காள் தாயின் அருகிலேயே அமர்ந்திருக்க வேண்டும் என்பது பல வீடுகளின் எழுதப்படாத சட்டம். அச்சத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் நம் அச்சத்தின் விலையை மகள் ஒருத்தியே செலுத்துவது நீதியாகாது. ஓர் இடம் அவளுக்கு ஆபத்தானது என்றால் இருவரும் சேர்ந்து செல்லட்டும். திரும்பும் நேரம் இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும். தாய்க்கும் இங்கே பங்கு உண்டு. உறவினர் வீட்டில் தங்கி, அங்கும் அடுப்படியிலேயே நின்று திரும்புகிற தாய்க்கு அது விடுமுறையாகுமா? அவர் காண விரும்புவது எது என்று பிள்ளைகள் கேட்டறிந்தால், அவர்கள் வகுத்த திட்டம் ஏறக்குறைய முழுமை பெற்றுவிட்டது எனலாம்.

'கைப்பேசி இருக்கிறதே, பிள்ளை எங்கே நிற்கிறான் என்று நொடிக்கு நொடி பார்த்துக்கொள்ளலாமே' என்று சிலர் கூறுவர். மறைந்த திருத்தந்தை பிரான்சிசு, 2016-இல் குடும்பம் பற்றி வெளியிட்ட 'அமோரிஸ் லெத்தீசியா' என்னும் ஊக்கவுரையில் இதைத் தொட்டுப் பேசுகிறார். பிள்ளை உடலால் எங்கே இருக்கிறான் என்பதைவிட, அவன் உள்ளம் எங்கே இருக்கிறது, எதை நாடுகிறது என்பதை அறியவே பெற்றோர் அக்கறை கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. வழி தவறினால் எங்கே சந்திப்பது, யாரிடம் உதவி கேட்பது என்று முன்னரே பேசி முடிவு செய்வது விவேகம். ஓயாது கண்காணிப்பது, நம் பதற்றத்தை நாம் ஆற்றிக்கொள்ளும் வழியேயன்றிப் பிள்ளைக்குக் கல்வி ஆகாது.

நம் முன்னோர் பெரும்பாலும் திருத்தலங்களுக்கே பயணம் செய்தனர். சென்னை செல்லும் குடும்பம் சாந்தோம் பேராலயத்தையும் பரங்கிமலையையும் விரும்புவது இயல்பே. அவற்றைப் பிள்ளைகள்மீது சுமத்தாமல், மெட்ரோ இரயிலில் சின்னமலை செல்லும் வழியையும், மயிலையில் 1516-ஆம் ஆண்டைச் சேர்ந்த பிரகாச மாதா கோவிலின் வரலாற்றையும் தேடிச் சொல்லும் பொறுப்பை அவர்களிடமே விட்டுப் பார்க்கலாம். வழிகாட்டியாக நடப்பவன் தான் காட்டும் இடத்தை அலட்சியமாகக் காண்பதில்லை.

சில ஆண்டுகள் சென்றபின் நம் பிள்ளைகளுள் பலர் படிப்புக்கும் பிழைப்புக்கும் சென்னைக்கோ கோவைக்கோ பெங்களூருக்கோ தனியே பேருந்து ஏறத்தான் போகிறார்கள். அன்று தங்குமிடம் தேர்வதும், கைப்பணத்தை மாத இறுதிவரை நீட்டிப்பதும், ஞாயிறன்று கோவில் மணியோசைக்குச் செவிசாய்ப்பதும் அவர்களே செய்யவேண்டிய முடிவுகள். அவற்றைப் பழகிப் பார்க்க, நாம் பக்கத்திலேயே இருக்கும் இந்த ஒன்றிரண்டு விடுமுறைகளே எஞ்சியுள்ளன. ஆகவே எல்லையை நாம் வகுப்போம். எல்லைக்குள் வழியை அவர்கள் வகுக்கட்டும். மரியாவைப்போல், நமக்கு விளங்காதவற்றையும் உள்ளத்தில் இருத்திக் காத்திருக்கும் பொறுமையை இறைவனிடம் கேட்போம்.