மூன்று இரவா, ஏழு பகலா?

திருப்புல்லாணிப் பெருமாளைச் சேவித்துவிட்டுச் சேதுக்கரைக்கு வந்தேன். அங்கே எனக்காகக் காத்திருந்த நண்பர் எடுத்த எடுப்பில் கேட்டார்: "கடலரசன் வரட்டும் என்று ராமர் தர்ப்பைமேல் எத்தனை நாள் கிடந்தார்?"

"வால்மீகியில் மூன்று இரவு, கம்பனில் ஏழு பகல்" என்றேன்.

"எதை நம்புகிறீர்கள்?"

"இரண்டையுந்தான். இந்த ஊரில் அதற்காக யாரும் சண்டையிட்டு நான் பார்த்ததில்லை."

நண்பர் சிரிக்கவில்லை. "எங்க வீட்டிலே சண்டை வந்திருச்சு, சார்" என்றார்.

அவர் கிறிஸ்தவர், ஓய்வு பெற்ற ஆசிரியர். தொண்ணூறை நெருங்கிய தாயார் படுக்கையில் இருக்கிறார். மூத்தவரான இவர் தினமும் 1871ஆம் ஆண்டுப் பழைய மொழிபெயர்ப்பை வாசித்துக் காட்டுகிறார். தம்பி வரும் நாளில் 1995ல் வந்த திருவிவிலியத்தை வாசிக்கிறார். அண்ணன் 'பரலோக ராஜ்யம்' என்பார். தம்பி 'விண்ணரசு' என்பார். அம்மாவுக்குப் பழக்கமானதே வேண்டும் என்கிறார் ஒருவர். பேரப்பிள்ளைகளுக்குப் புரிய வேண்டாமா என்கிறார் மற்றவர். எது சரி?

இந்த வழக்கு இவர்கள் வீட்டில் பிறந்ததல்ல. சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சிட்ட புதிய ஏற்பாடு 1715ல் நிறைவெய்தியது. அதில் இறைவன் 'சர்வேசுரன்'. பிறகு பப்ரிசியுஸ் அவனைப் 'பராபரன்' ஆக்கினார். 1850ல் பெர்சிவல் பாதிரியாரின் பதிப்பு வந்தது. அதற்குத் துணை நின்றவர் சைவரான ஆறுமுக நாவலர்! அதிலும், 1871ல் பவர் ஐயர் தலைமையில் வந்ததிலும் 'தேவன்'. இருபதாம் நூற்றாண்டுத் திருத்தங்களில் 'கடவுள்'. இடையில் ரேனியஸ் பழைய நடையைத் திருத்தப் புகுந்தபோது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வெகுண்டெழுந்தார். 1871ஆம் ஆண்டுப் பதிப்பு வந்த பின்னும் லுத்தரன் சபையார் பப்ரிசியுஸை நெடுங்காலம் விடவில்லை. ஆக, அண்ணன் பழசு என்று மார்போடு அணைத்துக்கொள்ளும் புத்தகமே ஒரு காலத்தில் வேண்டாத புதுசாக வந்ததுதான்.

அதனால் பழசின்மேல் வைத்த பற்று வெறும் மடமை என்று சொல்லிவிடலாமா? எனக்கு மனம் வரவில்லை. கணவனை அடக்கம் செய்த அன்று கேட்ட சொற்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் முணுமுணுத்த சொற்கள் — அவற்றில் அந்த அம்மாளின் வாழ்க்கையே ஊறிக் கிடக்கிறது. போகும் வேளையில் அவற்றைப் பிடுங்குவது இரக்கமற்ற காரியம். அதே சமயம், புரியாத சொல்லைக் கேட்டுத் தலையாட்டும்படி ஒரு சிறுவனைப் பழக்கினால், அவன் பக்தியைக் கற்பதில்லை, பாசாங்கைத்தான் கற்கிறான். ஆகவே பாட்டிக்குப் பழசு, பேரனுக்குப் புதுசு என்று தீர்ப்புச் சொன்னேன்.

நண்பர் திருப்தியடையவில்லை. பேச்சுக் கொடுத்தபோதுதான் மற்றது வெளிவந்தது. வீட்டுப் பாகப் பிரிவினையிலிருந்து ஆறு வருஷமாக அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசுவதில்லையாம். தாயாரின் கட்டிலருகே ஒருவர் வந்தால் மற்றவர் எழுந்து போய்விடுவாராம்.

எனக்கு வெளிச்சமாயிற்று. சொற்களைப் பற்றி வாதாடுவது சில சமயம் சொல்லப்பட்டதிலிருந்து தப்பிக்கும் வழி. சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று இறைவனின் பெயர் மூன்று தரம் மாறியிருக்கிறது. சகோதரனை மன்னித்துவிடு என்ற கட்டளையோ எந்தப் பதிப்பிலும் ஓர் இம்மிகூட இளகவில்லை. நம்மை உறுத்தும் இடம் எல்லா மொழிபெயர்ப்பிலும் தெளிவாகவே இருக்கிறது. மற்ற இடங்களுக்குத்தான் அகராதி வேண்டியிருக்கிறது.

இதை நண்பரிடம் சொன்னேன். அவர் கடலைப் பார்த்தபடியே வெகுநேரம் இருந்தார்.

பஸ் ஏறும்போது கேட்டார்: "ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்தா, எதைச் சார் வாசிக்கிறது?"

"அம்மாவைக் கேளுங்கள்" என்றேன். "அப்போது எதைக் கொடுத்தாலும் அவர்களுக்குப் புரியும்."