கணக்கிலும் மந்திரமா?

பொருள் விளங்காது ஓதுவதை மந்திரம் என்று எள்ளி நகையாடுகிறோம். ஆனால், பல தொடக்கப் பள்ளிகளின் கணக்கு வகுப்பிலே கேட்பது என்ன? "பின்னத்தால் வகுக்க வேண்டுமா? தலைகீழாக்கு, பெருக்கு!" "ஏன் அய்யா?" என்று எழும் பிஞ்சுக் குரலுக்கு, "அதுதான் விதி, சொன்னதைச் செய்!" என்னும் அதட்டலே விடை. மந்திரத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு, தோழர்களே?

காரணம் எட்டாக்கனியா? இல்லை. ஒன்றே முக்கால் லிட்டர் பால் இருக்கிறது. அரை லிட்டர்க் குவளையால் அளப்போம். ஒவ்வொரு லிட்டரிலும் இரண்டு குவளை உண்டு. ஆகவேதான் இரண்டால் பெருக்குகிறோம். மூன்று குவளை நிரம்பியபின் கால் லிட்டர் மிஞ்சும். விடை மூன்றேகாலா? அன்று, மூன்றரை! மிஞ்சிய கால் லிட்டர், அரைக் குவளையன்றோ!

இதே கணக்கை ஆசிரியர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதைத்தான் லிப்பிங் மா என்னும் அறிஞர், 1999இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். அமெரிக்க ஆசிரியர் 23 பேரில் சரியாகச் செய்து முடித்தவர் 9 பேரே. சீன ஆசிரியரோ 72 பேரும் முடித்தனர். அமெரிக்கர் பட்டதாரிகள், சீனரிற் பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்புக்குப் பின் இரண்டு மூன்றாண்டு பயிற்சி மட்டுமே பெற்றவர்கள். பட்டம் தராததை எது தந்தது? பாடநூலை ஆழ்ந்து பயின்று, உடன் ஆசிரியரோடு கூடி ஆராயும் வழக்கம் தந்தது!

வாய்ப்பாடு வேண்டாவா என்பர் சிலர். வேண்டும். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஓதிய சிறுவன் முந்திரி, காணி, மா என்று பின்னங்களை மனத்திலேயே கணக்கிட்டான். நினைவாற்றல் நல்ல கருவியே. கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, கண்ணைக் கட்டுவதுதான் தவறு.

விளங்காத பிள்ளைக்கு நாம் சூட்டும் பெயர் என்ன? "இவனுக்குக் கணக்கு வராது!" பத்து வயதுப் பிள்ளைக்கு இப்படித் தீர்ப்பெழுதுவது தலையெழுத்துக் கொள்கையின் மறுபதிப்பே. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத ஏழைப் பிள்ளை அத்தீர்ப்பை நம்பியே விடுகிறது. விளக்காதது நம் குறை, தண்டனை அதற்கா?

ஆசிரியர் சொல் மெய்யா என்று குழந்தை தானே அளந்து பார்க்கக்கூடிய பாடம் கணக்கு. அங்கேயே "ஏன்" என்ற சொல்லை அடக்கிவிட்டால், நாளை மேடையேறிப் பகுத்தறிவு பேசி யாது பயன்?

ஆசிரியத் தோழர்களே! வாரம் ஒரு மணி நேரம் கூடுவோம். ஒரு பாடத்தை எடுப்போம்; அதன் "ஏன்" என்ன என்று முதலில் நம்மை நாமே கேட்போம். பிறகு பிள்ளைகள் கேட்கட்டும்!