கதவிடுக்கு வெளிச்சம்

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் எடைமேடைச் சீட்டு போடுகிறேன். மாலை ஆறு மணியிலிருந்து காலை ஆறு வரை. மேடைக்கு அடியில் ஒரு பெருச்சாளி குடியிருக்கிறது. மழைத்தண்ணீர் வடிய விட்டிருக்கும் குழாய்தான் அதன் வாசல். முதலில் மூக்கு, மீசை. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. திடீரென்று முழு உடம்பும் வெளியே நிற்கும். அது வெளிவரும் நேரத்தைச் சீட்டுக்கட்டின் பின்னட்டையில் குறித்துக்கொண்டு வருகிறேன். மார்கழியில் ஆறேகால் வாக்கில். ஆனியில் ஏழு தாண்டி. டிரெய்லர் வந்து உறுமினால் உள்ளே போகும். வண்டி போனதும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரும்.

எனக்கு ஒன்பது மணிக்குக் கொட்டாவி ஆரம்பிக்கும். பதினேழு வருஷ இரவு வேலை. உடம்பு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

வாட்ச்மேன் பெரியவர் ஒருநாள் என் குறிப்பை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நமக்குப் பொழுது சாயுது, அதுக்குப் பொழுது விடியுது. அவ்ளோதான் தம்பி." கல்லூரியில் மூன்று வருஷம் விலங்கியல் படித்தவன் நான். இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்ல வந்திருக்காது.

*

பொழுது சாய்ந்ததை உடம்புக்குச் சொல்லும் ஹார்மோன் ஒன்று உண்டு: மெலடோனின். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் மாட்டு மூளையின் பினியல் சுரப்பிகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அவர் தோல் மருத்துவர். தவளைத் தோலை வெளுக்கச் செய்யும் பொருள் எது என்று தேடிக்கொண்டிருந்தார். இரவைத் தேடிப் போனவரல்ல.

இருட்டினால் சுரக்கும், வெளிச்சம் பட்டால் வற்றும் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. மனிதனுக்கும் அப்படித்தான், எலிக்கும் அப்படித்தான். இந்த இடத்தில் நான் பலநாள் தடுக்கி நின்றிருக்கிறேன். நம் ஆட்கள் அதைத் தூக்க மாத்திரை என்று கேட்டு வாங்குகிறார்கள். எலியின் ரத்தத்தில் அது ஏறியிருக்கும் நேரத்தில்தான் எலி ஓடுகிறது, தோண்டுகிறது, சண்டை போடுகிறது. அப்படியானால் அதற்குள் தூக்கம் இல்லை. இரவு வந்துவிட்டது என்ற தகவல் மட்டும்தான் இருக்கிறது. ஆலைச் சங்கு மாதிரி. சங்கு ஒன்றுதான், அதைக் கேட்டு ஒருவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே வருவான், இன்னொருவன் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே போவான்.

*

சந்தை மதிலோரம் ஒரு வேப்பமரம். அதில் அணில்கள். அணிலும் கொறிக்கும் ஜாதிதான், பெருச்சாளிக்குத் தூரத்து உறவு. ஆனால் பகல் பிராணி. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சந்தனா ஹல்தாரும் அவருடைய மாணவர்களும் வட இந்திய அணிலின் பினியல் சுரப்பியைப் பல வருஷங்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அணிலுக்கும் மெலடோனின் ராத்திரியில்தான் ஏறுகிறது. வருஷக் கணக்கிலும் அதற்கு ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. அது கூடியிருக்கும் மாதங்களில் இனப்பெருக்கச் சுரப்பிகள் ஒடுங்கிக் கிடக்கும், குறையும்போது விழித்துக்கொள்ளும். இரவின் நீளத்தை அளந்து குட்டி போடும் காலத்தைக் கணக்குப் பார்க்கிறது உடம்பு.

ஆக, மரத்தின் மேலே ஒன்று, மேடையின் கீழே ஒன்று. இரண்டின் ரத்தத்திலும் ஒரே நேரத்தில் ஒரே சங்கு. ஒன்று வாலைச் சுருட்டிப் படுக்கிறது. மற்றது வேலைக்குக் கிளம்புகிறது. நடுவில் கண்ணாடிக் கூண்டுக்குள் நான், படுக்க வேண்டியவன், வேலை பார்த்துக்கொண்டு.

*

தகவல் போகும் வழி விசித்திரமானது. விழித்திரையில் உருவம் பார்க்கும் செல்கள் போக, வெளியே வெளிச்சம் எவ்வளவு என்று கணக்கெடுப்பதே முக்கிய வேலையாகக் கொண்ட செல்கள் கொஞ்சம் உண்டு. அவற்றில் மெலனாப்சின் என்ற நிறமி. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல வெளிச்சத்துக்குத்தான் அது மிகுதியாக அசையும். அங்கிருந்து செய்தி மூளையின் அடிப்பக்கம், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே இருக்கும் ஒரு சின்ன நரம்புக் கொத்துக்குப் போகிறது. 1972-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக எலிகளில் அந்தக் கொத்தைச் சிதைத்துப் பார்த்தன. எலி உயிரோடு இருந்தது. அதன் நாள் போய்விட்டது. எப்போது குடிப்பது, எப்போது ஓடுவது என்ற ஒழுங்கே இல்லை.

எலியின் தலைக்குள் அந்தக் கொத்துக்கும் பினியலுக்கும் இடையில் ஒரு விரற்கடைத் தூரம்கூட இராது. ஆனாலும் செய்தி நேரே போவதில்லை. முதுகுத் தண்டுக்குள் இறங்கி, வெளியே வந்து, கழுத்திலுள்ள நரம்பு முடிச்சில் மாறி, மறுபடி மேலே ஏறுகிறது. சாத்தாங்காட்டிலிருந்து தண்டையார்பேட்டைக்குப் போகிறவன் பாரிமுனை வரை போய்த் திரும்பி வந்த கதை.

*

மதுரையில் நடந்ததை எழுதி வைக்க வேண்டும். அதைப் பற்றி இந்தப் பக்கம் யாரும் பேசிக் கேட்டதில்லை.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர் இருந்தார். ஜெர்மனியில் டியூபிங்கன் நகரில் எர்வின் பியூனிங்கிடம் உயிர்க்கடிகாரம் படித்துவிட்டு வந்தவர். 2009-இல் காலமானார். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துக் குகைகளில் வௌவால், சுற்றுவட்டார வயல்களில் சுண்டெலி: அவருடைய ஆய்வுக்கூடம் அவ்வளவுதான். வௌவால்களைக் குகைக்குள்ளேயே கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். வெளிச்சம் எட்டாத இருட்டு. இருந்தும் மற்ற வௌவால்கள் சாயங்காலம் கிளம்பிப் போய் விடியலில் திரும்புவதை வைத்தே கூண்டு வௌவால்கள் நேரத்தைச் சரிசெய்துகொண்டன. 1978-இல் மாரிமுத்து, சுப்பராஜ், சந்திரசேகரன் மூவரும் அதை வெளியிட்டார்கள். கூட்டத்தின் போக்குவரத்தே கடிகாரம். ஷிப்ட் பஸ் சத்தத்தில் விழித்துக்கொள்ளும் திருவொற்றியூர்த் தெருக்களில் வளர்ந்தவனுக்கு இதில் ஆச்சரியம் குறைவு.

சுண்டெலிகளுக்கு ஓடுசக்கரம் வைத்தார்கள். முழு இருட்டிலேயே வைத்தாலும் ஏறத்தாழ 24 மணிக்கு ஒருமுறை ஓடத் தொடங்கும். இருட்டின் நடுவே சிறிது நேரம் விளக்கைக் காட்டினால் அந்த நேரம் நகரும். அதன் இரவின் முன்பகுதியில் காட்டினால் மறுநாள் தாமதமாகக் கிளம்பும். பின்பகுதியில் காட்டினால் முந்திக் கிளம்பும். பட்டப்பகல் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும் வேளையில் காட்டினால் அநேகமாகப் பொருட்படுத்தாது. ஒரே விளக்குதான், எந்த நேரத்தில் என்பதில்தான் எல்லாம். 1990-களில் விஜய் குமார் சர்மா, சிங்காரவேல், சுப்பராஜ் ஆகியோரோடு சேர்ந்து இன்னொன்றும் செய்தார்கள். விளக்கு அட்டவணையைச் சடாரென்று மாற்றிவிட்டு, உரிய வேளையில் மெலடோனின் கொடுத்தார்கள். அந்தச் சுண்டெலிகள் புது நேரத்துக்கு மற்றவற்றைவிடச் சீக்கிரம் பழகிக்கொண்டன.

வயலில் பிடித்த எலி என்பது முக்கியம். உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் புழங்கும் கறுப்புச் சுண்டெலி வம்சத்தின் பினியல் பெயரளவுக்குக்கூடச் சரியாக மெலடோனின் செய்வதில்லை என்று 1986-இல் எபிஹாராவின் குழு காட்டியது. அந்தத் திறன் வம்சத்தில் அறுந்து போயிருக்கிறது. சங்கில்லாத ஆலை, வேலை மட்டும் நடக்கிறது. வரப்பில் ஓடிய எலிக்குச் சங்கு இருக்கிறது.

*

சந்தைக்குக் கிழக்கே, நடந்து போகும் தூரத்தில் தியாகராஜர் கோயில். கலிய நாயனார் விளக்கேற்றிய இடம். திருவொற்றியூரில் எண்ணெய் ஆட்டுகிறவர்களின் சக்கரப்பாடியில் பிறந்தவர். செல்வம் தீர்ந்து, கூலிக்குச் செக்கோட்டி, கடைசியில் எண்ணெய்க்கு வழியில்லாமல் தன் கழுத்தை அரிந்து ரத்தத்தை ஊற்றி எரிக்கத் துணிந்தார் என்பது பெரியபுராணத்துக் கதை. இருட்டு அவ்வளவு கனமாக இருந்த காலம். ஒரு விளக்குக்கு ஒரு கழுத்து.

வேதாரண்யத்துக் கதையில் எலியே வருகிறது. நெய் குடிக்க வந்து, மூக்கு சுட்டுச் சினந்து திரியைத் தள்ளியது. மங்கிய விளக்கு நிமிர்ந்து எரிந்தது. அந்தப் புண்ணியத்தில் மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தி. சின்ன வயசில் கேட்டபோது பிடித்திருந்தது. இப்போது கேட்டால் எலியின் பக்கத்திலிருந்து ஒரு சந்தேகம் வருகிறது: எந்த எலி வெளிச்சத்தைக் கூட்ட விரும்பும்? நிலாக் காலத்தில் பல எலிகள் வளையைவிட்டு அதிகம் வெளியே வருவதில்லை.

*

சந்தை விளக்குகள் முன்பு மஞ்சள். சோடியம் விளக்கு. அதில் நீலம் மிகக் குறைவு. இப்போது வெள்ளை எல்இடி. முகம் தெளிவாகத் தெரிகிறது, சீட்டு எழுத்து தெரிகிறது, திருட்டு குறைந்தது என்கிறார்கள். பெருச்சாளி மதிலின் நிழலை ஒட்டியே போகிறது. குறுக்கே நடப்பதை விட்டுவிட்டது. நான் பார்த்தது இவ்வளவுதான். அதன் ரத்தத்துக்குள் நான் போய்ப் பார்க்கவில்லை.

எலிகளில் அளந்து பார்த்தவர்கள் டேவிட் கிளைனும் ஜோன் வெல்லரும். 1972. இருட்டில் இருந்த எலிக்குத் திடீரென்று வெளிச்சம் காட்டினார்கள். மெலடோனின் தயாரிப்பை நடத்தும் நொதியின் வேகம் ஏறக்குறைய மூன்று நிமிஷத்தில் பாதியாகிவிட்டது. மூன்று நிமிஷம் என்பது ஒரு டிரெய்லர் மேடையேறி, ஹெட்லைட் என் கூண்டுக்குள் நிறைந்து, நான் எடையைப் பதிந்து சீட்டைக் கிழித்துக் கொடுக்க ஆகும் நேரம். ஒரு ராத்திரிக்கு நாற்பது வண்டி.

போன மாதம் நாலு மணி வாக்கில் ஒரு சைபரைக் கூடுதலாகத் தட்டிவிட்டேன். ஓட்டுநர், சேலத்துக்காரர், சீட்டைப் பார்த்துச் சிரித்தார்: "அண்ணே, இவ்வளவு இரும்பு ஏத்தினா என் வண்டி பாதாளத்துக்குப் போயிரும்."

*

1997. அமெரிக்காவில் ராபர்ட் டவுச்சி, டேவிட் பிளாஸ்க் முதலானோர் செய்த ஆய்வு. உடம்பில் புற்றுக்கட்டி பதித்து வளர்த்த எலிகள், பன்னிரண்டு மணி வெளிச்சம், பன்னிரண்டு மணி இருட்டு. இருட்டு வேளையில் 0.2 லக்ஸ் வெளிச்சம் கசிந்தது. முழுநிலவின் வெளிச்சம் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்தக் கசிவு போதுமாயிருந்தது. மெலடோனின் தாழ்ந்தது, கட்டிகள் வேகமாக வளர்ந்தன. பத்து வருஷம் கழித்து, 2007-இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உடம்பின் தாளத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது. நிச்சயம் என்று சொல்லவில்லை, அநேகமாக என்றது. வீட்டில் இதைச் சொல்லவில்லை.

*

காலை ஆறு மணி. எண்ணூர்ப் பக்கத்துக் கண்டெய்னர் லாரி வரிசை அசையத் தொடங்கிவிட்டது. குழாய் வாசலில் ஈரமண் மேல் கால்தடம், அது படுத்துவிட்டது. நானும் வீட்டுக்கு வந்து படுத்தேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போன வருஷமே அடித்தாயிற்று. கதவுக்குக் கீழே மட்டும் ஒரு கோடு, வெள்ளையாக, கத்தி மாதிரி. பழைய கைலியைச் சுருட்டி அந்த இடுக்கில் திணித்தேன். ஓட்டுக்கு மேலே அணில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.