பொலிகாளைக்கு நிற்கும் கன்று

நாமக்கல் பக்கம் புதன்சந்தையில் காளைக்கன்று பிடிக்க வருபவர் முதலில் மயிர்ச் சுழி பார்ப்பார். ராஜ சுழி என்றால் விலை ஏறும். பாடைச் சுழி என்றால், எத்தனை நல்ல வளர்த்தியாக இருந்தாலும் கயிறு கை மாறாது. பிறகுதான் நிறம்.

காங்கேயம் இனத்தில் நிறம் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். கன்று பிறக்கையில் செவலை. ஆறு மாத வாக்கில் சிவப்பு போய்ச் சாம்பல் ஏறும். காளையாக நின்றால் திமிலும் முன்சப்பையும் பின்சப்பையும் கறுக்கும். காயடித்து ஏருக்குப் பழக்கினாலோ, வெளிர்ந்த மயிலையாக நிற்கும். கண்காட்சியில் கூட்டத்தை நிறுத்திவைக்கும் அந்தக் கருந்திமில் பரம்பரை மட்டும் தந்ததல்ல. காயடிக்குத் தப்பிய உடம்பில் ஊறும் ஆண்சுரப்பும் சேர்ந்து தந்தது. காளையின் மகள்கள் வெளுத்தே இருப்பார்கள்.

பால் கொடுக்கும் குணமும் அப்படித்தான். காளை அதைச் சுமக்கிறது, காட்டுவதில்லை. ஆகவே இனவிருத்திக்குப் பொலிகாளை தேடுபவர் அதன் தாயின் மடியையும், அவள் தவறாமல் சினை பிடித்தாளா என்பதையும் விசாரிக்க வேண்டும். என்னைக் கேட்டால், சுழியைவிட இதுதான் முக்கியம்.

திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கம் ஏருக்கும் வண்டிக்கும் கிணற்றில் கவலை இறைப்புக்கும் எருது தேவைப்பட்ட காலத்தில், காளைக்கன்றுகள் வீட்டுக்கு வீடு வளர்ந்தன. வளர்ந்தவற்றில் ஒன்றைப் பொலிக்கு நிறுத்தி, மற்றவற்றைக் காயடித்தார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் காங்கேயம் இனத்தைச் செம்மையாக்கியதும் இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக் கழித்துத்தான். பிறகு டிராக்டரும் மோட்டாரும் வந்தன. எருதுக்கு வேலை போயிற்று. கறவைக்கு ஆகாத கன்றுக்கு யார் தீவனம் போடுவார்கள்? செவலை மாறும் முன்னே அது அடிமாட்டு வண்டியில் ஏறிவிடுகிறது. அது என்ன நிறமாகியிருக்கும், எப்படித் திமில் கட்டியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. காவிரிக்கரை ஆலம்பாடி மாடு அருகிப்போனதும் உழவு மாட்டுக்கு மதிப்புப் போன இதே காலத்தில்தான்.

மிஞ்சிய சில காளைகளின் உறைவிந்தே சினை ஊசி வழியாக ஊர் ஊராகப் போகிறது. ஒரே தகப்பனின் பிள்ளைகள் பெருகும்போது, அவன் மேலுக்குக் காட்டாத குறையும் அவர்களோடு பரவும். நாம் தேர்ந்தெடுப்பதாக நினைப்பது, பலரும் கைவிட்டதில் மிஞ்சியதை எடுத்துக்கொள்வதுதான். கோப்பை வாங்கும் காளையை மேடையேற்றும் ஊர்கள், காளைக்கன்றை விற்காமல் இரண்டு வருஷம் கட்டிக்காக்கிற வீட்டுக்கு ஒரு மூட்டை பருத்திக்கொட்டையாவது கொடுக்கலாம்.